காரமில்லாத யாஹ்வா

கொச்சபம்பா நகரக் கடைவீதி உணவகத்தில் ஃபெர்மின் வேர்க்கடலை சூப்பைத் தொடவில்லை. தக்காளி-மிளகாய்த் துவையலான யாஹ்வாவை மட்டும் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"தினமும் வந்து காரம் காரம்னு குறை சொல்றீங்க. வேற கடை பாருங்களேன் அண்ணே!" என்றாள், புதிதாகப் பரிமாற வந்திருந்த நில்டா.

"இன்னிக்குக் காரமே இல்லம்மா!" அவர் முகம் மலர்ந்தது.

"மாத்தித் தரவா?"

"வேண்டவே வேண்டாம்! அரைக்கிறவ கோபமா இருந்தாத்தான் யாஹ்வா எரியும்னு சொல்வாங்களே!"

எழுந்துபோய்ச் சமையலறை வாசலில் தயங்கி நின்றார்.

"காசில்டா, தம்பி வீட்டுத் தரையில படுத்து முதுகே போச்சு. நம்ம வீட்டுக்கு வரட்டுமாடி?"

அம்மிச் சத்தம் நின்றது.

"கோபம் அப்படியேதான் இருக்கு. உங்க கிண்ணத்துல மிளகாய்தான் போடல" என்றாள் அவர் மனைவி. "சூப் ஆறுது. குடிச்சுட்டு வாங்க."