ராஜாவும் உறையும்

முடிசூட்டு விழாவுக்காக அச்சடித்த பழைய தபால்தலை ஒன்று, தன் கடித உறையோடு ஒட்டியபடியே மதிப்புப் பார்க்கும் மேசைக்கு வந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர் இருந்தது.

"என்னை ஊறவெச்சு உரிச்சு ஆல்பத்துல வைப்பாங்க. உனக்குக் குப்பைக்கூடைதான்," என்றார் தபால்தலையில் இருந்த ராஜா.

உறை கெஞ்சியது. "எழுபது வருஷமா சுமந்தேனே, மகாராஜா!"

பூதக்கண்ணாடி குனிந்து பார்த்தது. "ஏ கிண்ணம், தள்ளிப் போ! இந்தத் தபால்தலை தனியா எங்கே வேணும்னாலும் கிடைக்கும். ஆனா விழா நாள்ல குத்தின தபால் ஆபீஸ் முத்திரை பாதி தபால்தலைமேல, பாதி உறைமேல விழுந்திருக்கு. பிரிச்சா ரெண்டுக்கும் மதிப்பில்லை."

உறைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ராஜா மெல்லச் சொன்னார்: "என் இடது மூலை லேசா தூக்கியிருக்கு. கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சுக்கோ, தாயே."