மஞ்சள் வைத்த கட்டம்

குடும்பத்தில் ஒவ்வொருவரின் பழந்துணியிலும் ஒரு கட்டம் வெட்டியெடுத்து, லீவு நாட்களில் மதுரம் ஒரு போர்வை தைத்தாள். அப்பாவின் கைலி, அம்மாவின் சுங்குடி, தன்னுடைய கல்லூரித் துப்பட்டா. நட்டநடுவில் அக்கா வளர்மதியின் நீலச் சுடிதார். வேறு சாதிக்காரனை விரும்பிய வளர்மதி கிணற்றில் பிணமாக மிதந்தாள். கால் தவறி விழுந்தாள் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, அவள் பெயரைக்கூட அப்பா வீட்டுக்குள் சொல்ல விடவில்லை. போர்வையை விரித்த மறுநாள் காலை, பிறந்தநாள் புதுத்துணிக்கு வைப்பதுபோல நீலக் கட்டத்தின் ஓரத்தில் ஈர மஞ்சள் இருந்தது. மதுரம் துவைத்துப் போட்டாள். அடுத்த நாளும் இருந்தது.

"நீதானம்மா வைக்கிற?"

"நான் அதுகிட்டயே போகலடி. தொட்டா என்னால தாங்க முடியாது."

அப்பா எகிறினார். "அந்தக் கழுதையோட துணிய வெட்டி எறிடி!"

மதுரம் கத்தரிக்கோலை அவர் கையில் திணித்தாள். "அன்னைக்குக் கெணத்துக்குக் கூட்டிட்டுப் போனது நீங்கதான? இதையும் நீங்களே வெட்டுங்க."

அவர் கட்டத்தை இழுத்துப் பிடித்தார். விரிந்த கத்தரிக்கோல் மூடவேயில்லை. கட்டைவிரலில் ஒட்டிய மஞ்சளை வேட்டியில் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. பிறகு யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்:

"இன்னைக்கு அவளுக்குப் பொறந்தநாளா?"