லண்டன் வழக்கம்

"சனி ஞாயிறு ஆனா அங்க ஒருத்தனும் வூட்ல தங்கமாட்டான் மாமா" என்று ராஜேந்திரன் சொன்னபோது, கோலார் தங்கவயலின் ஊரிகம் லைன் வீடுகளில் பாதிப் பேர் அவன் அப்பா சம்பங்கியின் வாசலில் கூடியிருந்தார்கள்.

இன்ஜினீயர் படிப்புக்குச் சீமைக்குப் போன பையன் லீவில் வந்திருக்கிறான். கோட்டை, கடற்கரை, மியூசியம் என்று வாராவாரம் ஊர் சுற்றும் கதையை அவன் அளக்க, ஈ புகுவது தெரியாமல் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். அவன் படிப்பது வேறு ஏதோ ஊரில். லைன் வீட்டுக்காரர்களுக்குச் சீமை என்றால் லண்டன்தான்.

கூட்டம் கலைந்ததும் பக்கத்து வீட்டு இன்பராஜ் மெதுவாக ஊசி ஏற்றினார்.

"லண்டன சுத்தறான், சரி. வந்து இத்தினி நாளாச்சே, உன்ன பக்கத்துல கீற ஆண்டர்சன்பேட்டைக்காவது கூட்டிகினு போனானா மச்சான்? உங்கூட நடக்க வெக்கமா கீதோ இன்னாவோ."

சம்பங்கி சிரித்து மழுப்பினார். ஆனால் அந்தப் பேச்சு பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத்தூள் மாதிரி உறுத்தியது. அவர் மீசை முளைத்த நாளிலிருந்து தங்கச் சுரங்கத்தில் இறங்கி ஏறுகிறவர். பையனும் ஸ்காலர்ஷிப் கிடைக்கும்வரை அதே ஷாஃப்டில் இறங்கியவன்தான். ஆனாலும் இப்போது கோட்டுப் போட்டவன். வெட்கப்பட்டாலும் படுவான் என்று நினைத்தபோது நெஞ்சு வலித்தது.

இன்பராஜ் சொன்னது உள்ளே இருந்த பையன் காதிலும் விழுந்திருக்க வேண்டும். அந்த ஞாயிறே பெற்றவர்களைப் பெங்களூர் மியூசியத்துக்கு ரயிலில் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

வழிநெடுக அம்மா ரத்தினம்மா தன் புருஷனுக்குப் பாடம் நடத்தினாள். சத்தமாகப் பேசக் கூடாது. கண்ட இடத்தில் துப்பக் கூடாது. சிலைகளைத் தட்டிப் பார்க்கக் கூடாது. பையன் மானம் போய்விடும். சம்பங்கி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெற்றிலைப் பையையே வீட்டில் விட்டுவிட்டுத்தான் வந்திருந்தார், பாவம்.

கையில்லாத சாமிகளையும் மூக்கில்லாத ராஜாக்களையும் பார்த்தபடி வாயைத் திறக்காமல் நடந்தார். கடைசி அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டுத்துணி மேல் ஒரு கல் இருந்தது. கோலார் தங்கவயலில் எடுத்த தங்கக் கல் என்று எழுதியிருப்பதாகப் பையன் படித்துச் சொன்னான். தினம் அவர் காலால் தள்ளிவிட்டு நடக்கிற கல். இதைப் பார்க்கவா ரயிலேறி வந்தோம் என்று கேட்க வந்ததை அப்படியே முழுங்கிவிட்டார்.

வெளியே போகும் வாசலில் காக்கி உடுப்பில் ஒரு காவல்காரர் நின்றிருந்தார்.

தங்கக் கல்லைப் பார்த்த கண்ணோடு காக்கியைப் பார்த்தால் சுரங்கத்து ஆள் என்ன செய்வான்? ஷிஃப்ட் முடிந்து மேலே வந்ததும், தங்கத் துணுக்கு எதையும் ஒளித்துக் கொண்டுவரவில்லை என்று கேட்டில் சோதனை கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும். அந்தப் பழக்கத்தில் சம்பங்கியின் இரண்டு கைகளும் தானாக மேலே போயின. காலை அகட்டினார். வாயை ஆவென்று திறந்து நாக்கையும் தூக்கிக் காட்டினார்.

காவல்காரர் மிரண்டு பின்னால் நகர்ந்தார். வரிசையில் நின்ற பட்டணத்துக் கூட்டம் கொல்லென்று சிரித்தது. பட்டுப்புடவை அம்மாள் ஒருத்திக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ரத்தினம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சம்பங்கிக்குத் தூக்கிய கையை இறக்கக்கூடத் தோன்றவில்லை. பையன் முகத்தைப் பார்க்கவும் தைரியம் இல்லை. செத்துப்போகலாம் போலிருந்தது.

அப்போது பக்கத்தில் வந்து நின்ற ராஜேந்திரன், கோட்டோடு கையிரண்டையும் தூக்கினான். வாயைத் திறந்து காவல்காரருக்கு நாக்கைக் காட்டினான். பிறகு கூட்டத்தைப் பார்த்து நல்ல இங்கிலீஷில், லண்டனில் எந்த மியூசியத்திலும் இதுதான் வழக்கம், நாகரிகம் தெரிந்தவர்கள் இப்படிச் செய்யாமல் வெளியே வரவே மாட்டார்கள் என்று அறிவித்தான்.

சிரிப்பு நின்றது. டை கட்டிய ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கையைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் இருவர் தூக்கினார்கள். பட்டுப்புடவை அம்மாள், தனக்கு இதெல்லாம் முன்பே தெரியும் என்கிற தோரணையில் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டுத் தூக்கினாள். காவல்காரர் வேறு வழியில்லாமல் ஒவ்வொரு வாயாக எட்டிப் பார்த்து அனுப்பினார்.

சம்பங்கிக்குத் தொழில் சுத்தம் முக்கியம். அரைகுறை வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"வெரல நல்லா விரிம்மா. நாக்கு இன்னும் மேல போவணும்" என்று அந்த அம்மாளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவள் அப்படியே செய்துவிட்டு, தாங்க்யூ வேறு சொன்னாள்.

திரும்பும் ரயிலில் ரத்தினம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. லண்டன் வழக்கமெல்லாம் தன் புருஷனுக்கு எப்பவோ தெரியும் என்று எதிர் சீட்டுக்காரியிடம் சொல்லிச் சொல்லி, பங்காருபேட்டை வருமுன் தூங்கிவிட்டாள்.

சம்பங்கி பையன் பக்கம் குனிந்தார்.

"ஏம்பா, லண்டன்ல நெசமாவே எல்லாரும் கைய தூக்கறாங்களா?"

"எங்க நைனா. மொத வாரம் கூட்டாளிங்களோட மியூசியம் போனப்ப நான் ஒருத்தன்தான் தூக்கனேன். வருசம் பூரா சொல்லிச் சொல்லி சிரிச்சானுங்க."

பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"உன்னயும் பாத்து எவனாச்சும் சிரிச்சிடுவான்னுதான் நைனா, இத்தினி நாளா உன்ன எங்கயும் கூட்டிகினு போகல."