கத்தாமல் ஊற்றிய ஈஸ்ட்

நார்வேயில் வோஸ் பக்கம் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள், ஈஸ்ட்டை ஊற்றும்போது தொண்டை கிழியக் கத்துவார்கள். கத்தாவிட்டால் பீர் பொங்காதாம். ஒத்வார் மட்டும் இன்று பூனை மாதிரி சத்தமில்லாமல் ஊற்றினான்.

"ஏன்யா கத்தலை?" என்றாள் மனைவி இங்குன்.

"மெதுவாப் பேசு. இதுல ரெண்டு ஈஸ்ட் கலந்திருக்கேன். ஒண்ணு நம்ம வீட்டுப் பழைய ஈஸ்ட். இன்னொண்ணு பக்கத்து வீட்டு ஸ்டைனாரோடது. அவன் கொட்டகையிலேர்ந்து சுட்டுட்டு வந்தேன்."

"அவன் பீரை ஆட்டு மூத்திரம்னு ஒரு வருஷமா ஊர் பூராவும் சொல்லிட்டுத் திரியறியே?"

"வெளியில அப்படித்தான் சொல்லணும். உண்மையில அவன் ஈஸ்ட்டுல ஆரஞ்சு வாசனை ஆளைத் தூக்குது. நம்மதுல அது வரவே வராது. ரெண்டும் சேர்ந்தா, இந்தக் கிறிஸ்துமஸுக்கு அவன் மூஞ்சியில ஈயாடாது."

இங்குன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"போன வருஷமே அவங்க ஈஸ்ட் செத்துப்போச்சு. அவன் பொண்டாட்டி வந்து கெஞ்சினா. நம்ம ஜாடியிலேர்ந்துதான் ஒரு கரண்டி எடுத்துக் கொடுத்தேன்."

ஒத்வார் அப்போது போட்ட கத்தலில் ஸ்டைனார் வீட்டு நாய் குரைத்தது.

"அப்பாடா, இனி பொங்கும்" என்றாள் இங்குன்.