ஒரு வாக்கு குறைந்தது

தாத்தா கட்டிய நூலகத்தைக் காப்பாற்ற முடியவில்லையே என்ற குற்ற உணர்வில் ஆர்டித்துக்கு ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை.

கவுண்டி எனும் மாவட்ட நிர்வாகம் கைவிட்ட அந்த நூலகத்தை, ஊர் மக்களின் வரியிலேயே நடக்கும் தனி நூலக வட்டாரமாக்கத் தபால் வாக்கெடுப்பு நடந்தது. இரு பக்கமும் நானூற்றுப் பன்னிரண்டு. சமமானால் தோல்விதான். நூலகத்தை மூடி, புத்தகங்களை இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள்.

அவற்றில் ஒன்றுடன் பக்கத்து வீட்டு வெண்டல் வந்தார்.

"எந்த மூஞ்சியோட வர்றே? வரி கூடும்னு எதிர்த்து ஓட்டுப் போட்டவன்தானே நீ!"

"ஆதரிச்சுத்தான் போட்டேன், அம்மணி. சர்ச்சுல எல்லார் முன்னாடியும் நீங்க திட்டினப்பவே சொன்னேனே."

"பொய்! ஒரு ஓட்டுல போச்சு!"

"ஒரு ஓட்டு குறைஞ்சது நிஜம்தான்." வெண்டல் புத்தகத்தை நீட்டினார். "பேரி மர வளர்ப்பு. கடைசியா நீங்கதான் எடுத்திருக்கீங்க. பிரிச்சுப் பாருங்க."

ஆர்டித் பிரித்தார். படித்த பக்கத்துக்கு அடையாளமாக ஓர் உறை செருகியிருந்தது. அவரே மேலே கையெழுத்திட்டு ஒட்டி, தபாலில் போட்டுவிட்டதாக நம்பியிருந்த வாக்கு.

அவர் புத்தகத்தை மூடினார். "ஊர்ல சொல்லிட்டியா?"

"எதுக்கு? அந்தக் கட்டடத்துல உங்க தாத்தா பேரு இருக்கே."

மறுநாள் காலை, பூட்டிய நூலகக் கதவில், தாத்தாவின் பெயருக்கு நேர் கீழே, தன் கையெழுத்து எல்லோருக்கும் தெரியும்படி ஆர்டித் அந்த உறையை ஒட்டினார். அதன் அடியில் பெரிய எழுத்தில் எழுதினார்: "வெண்டல் சொன்னது உண்மை."