இல்லாவிட்டால் மூடியே இரு

சுகிர்தா ஆறாம் வகுப்பில் இருந்தபோது அப்பா தானாகத் திறந்து மூடும் வாசல் கதவுக்கு ஒரு நிபந்தனை எழுதிவைத்தார்: மகளுக்குப் பள்ளி இருந்தால் திற, இல்லாவிட்டால் மூடியே இரு. ஒன்பதாம் வகுப்போடு அவள் படிப்பை அவரே நிறுத்திய பிறகும் அந்த வரியைத் தொடவில்லை.

இன்று, அவருக்குத் தெரியாமல் அவள் விண்ணப்பித்திருந்த பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு. வெளியே தோழி நிலோஃபர் கதவைத் தட்டினாள்.

"கிளம்புடி, மணி அடிச்சிடுவாங்க."

"திறக்க மாட்டேங்குதுடி. என் பேரு எந்தப் பள்ளிக்கூடத்துலயும் இல்லையாம்."

"உங்கப்பாவுக்குப் போன் போடு."

"போட்டா ஹால் டிக்கெட்டயே கிழிச்சிடுவாரு."

சுகிர்தா கதவிடமே கெஞ்சினாள். "இத எழுதுனாத்தானே பள்ளிக்கூடத்துல சேர்த்துப்பாங்க?"

கதவு பள்ளிப் பட்டியலை மறுபடியும் பார்த்தது.

"எனக்கும் நேரமாச்சுடி," என்று நிலோஃபர் படியிறங்கி ஓடினாள்.

"இன்று உங்களுக்கு விடுமுறை," என்றது கதவு கனிவாக. "நாளைக்கும்."