லிவர்பூல் தொண்டை

"லிவர்பூல்காரன்தான். சந்தேகமே இல்லை," என்றார் குலசிங்கம்.

துப்பறியும் சார்ஜன்ட் ரீட் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். ஆக்லாந்தின் ஏவன்டேல் பகுதியில் 'டெய்ரி' என்று அங்கே சொல்லும் சில்லறைக் கடை நடத்தும் பத்மாவதிக்கு ஆங்கிலம் மட்டுமட்டு என்பதால் மொழிபெயர்க்கக் கூப்பிட்ட மனிதர் இவர். மொழிபெயர்ப்போடு நிற்கிறவராகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை, கடை திறந்த கையோடு, கம்பளி முகமூடி போட்ட ஒருவன் உள்ளே வந்தான். கையுறையும் போட்டிருந்தான்; நியூசிலாந்தின் ஜூலைக் குளிரில் அது யாருக்கும் வித்தியாசமாகப் படாது. கத்தியைக் காட்டி, பத்மாவதியின் தாலிக்கொடியைக் கழற்ற வைத்து, வாங்கிக்கொண்டு போய்விட்டான். பேசியதெல்லாம் ஒரே வாக்கியம்: "லுக் லவ், டேக் ஆஃப் த செயின்."

அதை அவள் கேட்டபடியே சொல்லிக் காட்டியபோதுதான் குலசிங்கத்துக்கு உற்சாகம் பிறந்தது.

"பாருங்கள் சார்ஜன்ட், லண்டன்காரன் 'லுக்' என்றால் கடைசியில் பட்டென்று காற்றை அடைப்பான். லிவர்பூல்காரன் அடைக்க மாட்டான். நாக்கின் பின்பக்கத்தை மேலே தூக்கி, தொட்டும் தொடாமலும் வைத்து, அந்த இடுக்கு வழியாகக் காற்றை உரசவிடுவான். தமிழில் 'பகல்' என்று சொல்லும்போது நடுவில் வரும் 'க' மாதிரி. உங்களுக்குத் தமிழ் தெரியாது, அதனால் தொண்டையில் மீன்முள் சிக்கியதாக நினைத்துக்கொள்ளுங்கள்."

ரீட் நினைத்துப் பார்த்தார். இருமல் வந்தது.

ஏவன்டேலுக்குப் பக்கத்து மவுண்ட் ஆல்பர்ட்டுக்குக் குடிவருவதற்கு முன் குலசிங்கம் பல வருடம் லிவர்பூலில் கப்பல் கம்பனி ஒன்றில் வேலை பார்த்தவர். அங்கே சாப்பாட்டுக்கு 'ஸ்க்ரான்' என்று பெயர், பொலிஸுக்கு 'பிஸ்ஸீஸ்' என்று பெயர், ஏன் அப்படிப் பெயர் வந்தது என்பதற்கு மூன்று விதமான விளக்கம் உண்டு. மூன்றையும் சொன்னார். தமிழர் கலியாணங்களில் அவருக்குப் பக்கத்து நாற்காலி எப்போதும் காலியாகத்தான் இருக்கும்.

விளக்கத்துக்கு உடனே பலன் கிடைத்தது. கடைக்குப் பின்தெருவில் குடியிருந்த ஒரே லிவர்பூல்காரன், பெயின்டர் டெரிக், அன்று மாலையே லொக்கப்புக்குள் இருந்தான்.

பத்மாவதிக்கு அது பொறுக்கவில்லை. "அண்ணை, அந்தப் பெடியன் ஒவ்வொரு நாளும் என்னட்டைப் பால் வாங்கிறவன். அவன்ர குரல் எனக்குத் தெரியும். இது அவன் இல்லை."

"முகமூடிக்குள்ளால கதைச்சா குரல் மாறும் தங்கச்சி. உச்சரிப்பு மாறாது. அதுதான் இதில இருக்கிற விஞ்ஞானம்."

"விஞ்ஞானம் என்ர கொடியைக் கொண்டு வருமே?"

ரீட் ஒரு வழி சொன்னார். திரைக்குப் பின்னால் ஆறு லிவர்பூல்காரர்கள் நிற்பார்கள். ஒவ்வொருவராக அந்த வாக்கியத்தைச் சொல்வார்கள். பத்மாவதி டெரிக்கின் குரலைக் காட்டினால் அவன் கோர்ட்டுக்குப் போவான், காட்டாவிட்டால் வீட்டுக்கு. அவனுக்கு எதிராக வேறு சாட்சி எதுவும் இல்லை.

ஆனால் ஆக்லாந்தில் லிவர்பூல்காரர்களைத் தேடிப் பிடிப்பது லேசல்ல. துறைமுகத்து பப்பில் நான்கு பேர் அகப்பட்டார்கள். டெரிக்கோடு ஐந்து. ஆறாவதாகக் கொண்டுவந்தவன் 'குட்மார்னிங்' சொல்லி முடிப்பதற்குள், "இவன் மான்செஸ்டர்," என்று குலசிங்கம் திருப்பி அனுப்பிவிட்டார்.

"இப்போது யாரைப் போடுவது?" என்று சலித்துக்கொண்டார் ரீட்.

குலசிங்கம் தொண்டையைச் செருமினார். "நான் சொன்னால் டெரிக்கைப் பெற்ற தாயே ஏமாந்துபோவாள்."

"நீங்களா?" ரீட் சிரித்தார். பிறகு யோசித்தார். "சரி, இடத்தை நிரப்பத்தானே. அவள் உங்களைக் காட்டினாலும் கவலைப்படாதீர்கள். ஆள் தெரியாமல் காட்டிவிட்டாள் என்று எழுதிக்கொள்வோம்."

மறுநாள் மதியம் பத்மாவதியைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். "இதில இருங்கோ தங்கச்சி, நான் ஒருக்கா வெளியில போட்டு வாறன்," என்று குலசிங்கம் எழுந்து போனார். பின்னால் நிற்பது யார் யார் என்று அவளுக்குச் சொல்லக்கூடாது என்பது ரீட்டின் கட்டளை.

ஒரே வாக்கியம் ஆறு தொண்டைகளில் வந்தது. மூன்றாவது குரல் நடுங்கியது. அது டெரிக் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆறையும் அசையாமல் கேட்டு முடித்தாள்.

பக்கத்துக் கதவால் குலசிங்கம் திரும்பி வந்தார். பரிசு வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம்.

"கேளுங்கள், எந்தக் குரல்?" என்றார் ரீட்.

குலசிங்கம் வாயைத் திறப்பதற்குள் பத்மாவதி கேட்டாள்: "அண்ணை, ஆறாவதாக் கதைச்சது நீங்களே?"

"ஓம். எப்பிடி? அச்சு அசல் லிவர்பூல்தானே?"

"அச்சு அசல் திங்கக்கிழமை."

குலசிங்கம் சட்டென்று ரீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"முகத்தை மாத்தாதேங்கோ, அவர் பாக்கிறார்," என்றாள் பத்மாவதி, பால் விலை சொல்லும் குரலில். "உங்களை இப்ப காட்டிக் குடுத்தா, வழக்கு முடியுமட்டும் என்ர கொடி பொலிஸிலதான் கிடக்கும். எனக்கு அது சரிவராது. கொடி இண்டைக்குப் பின்னேரம் கடைக்கு வரோணும். டெரிக் இப்பவே வீட்டை போகோணும். ஆறு பேரிலயும் கள்ளன் இல்லை எண்டு இவருக்குச் சொல்லுங்கோ."

"என்ன, இவ்வளவு நீளமாகச் சொல்கிறாள்?" என்றார் ரீட், பேனாவைத் திறந்தபடி.

"ஆறு பேரிலும் திருடன் இல்லையாம்," என்றார் குலசிங்கம், ஒரு விளக்கமும் சேர்க்காமல்.